ஹரகத்துக்கு நான் வைத்த முத்திரை

நீதிமன்றத்தில் என்னுடைய கதிரையில் இப்போது இருப்பவள் சில்மியா. மூன்று தரம் கேட்டுவிட்டாள். புதிதாகச் சேரும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கையேடு தொகுக்கிறார்களாம். பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை எழுதித்தர வேண்டுமாம். "சேர், இப்ப ஃபோனே எல்லாத்தையும் மொழிபெயர்த்துத் தருது. பொறகு நாம என்னத்துக்கு என்டு புதுசா வந்த பிள்ளையள் கேக்குதுகள். நீங்க ஒரு பதில் எழுதித் தாங்க" என்றாள்.

ஃபோனோடு போட்டிபோட எனக்கு விருப்பமில்லை. அதற்குப் பயம் கிடையாது. எனக்கு உண்டு. கேற்றைப் பூட்டிவிட்டுத் திரும்பவும் போய் இழுத்துப் பார்க்கிற ஆள் நான். "ஒங்கட நெஞ்சுக்குள்ள கோழிக்குஞ்சா இரிக்கி?" என்று என் மனைவி ஹபீபா கேட்பாள். என் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய பிழை இந்தப் பயத்தால் வந்தது. பதில் வேண்டுமென்றால் அதைத்தான் எழுதலாம்.

வாப்பாவுக்கு அம்பாறை டவுனில் புடவைக்கடை இருந்தது. அங்கேதான் சிங்களம் படித்தேன். படித்தேன் என்பதைவிட, துணி அளந்து அளந்து காதில் ஏறியது. பரீட்சை எழுதி, பாஸாகி, கல்முனை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். கோட்டில் அந்த வேலைக்கு முதலியார் என்று பெயர். அதனால் ஊரில் எனக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மீன் வாங்கப் போனாலும் "முதலியார் காக்கா, சூரை பாருங்க" என்பார்கள். சோனகனுக்கு, ஒரு முஸ்லிமுக்கு, முதலியார் பட்டம் கிடைத்ததில் அவர்களுக்கு ஒரு சிரிப்பு.

எனக்கு மேலே இருந்தவர் பாண்டிருப்பைச் சேர்ந்த கணபதிப்பிள்ளை முதலியார். நான் அவரை ஐயா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். மெல்லிய ஆள், மெல்லிய குரல். ஆனால் அவர் வாய் திறந்தால் மின்விசிறிச் சத்தம்கூடக் குறைந்தது போலிருக்கும். சாட்சி பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் சொல் வழுக்கும் என்பது அவருடைய கட்சி.

பத்திரம் ஒன்று கைக்கு வந்தால் அவர் செய்கிற முதல் வேலை அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பது. வெறும் தாளாக இருந்தாலும் பார்ப்பார். பிறகு தாள்களை எண்ணி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் இலக்கம் போடுவார். இடையில் ஒரு தாள் குறைகிறது என்று தோன்றினால் பேனையை மூடி வைத்துவிடுவார். "முழுசையும் பாக்காம கை வைக்காத தம்பி." அது முதல் சட்டம். இரண்டாவது சட்டம், ஒரு பத்திரத்துக்குள் ஒரு சொல்லுக்கு ஒரே சொல். ஒரு காணி வழக்கில் 'வளவு' என்பதை நான் ஓரிடத்தில் தோட்டம் என்றும் இன்னோரிடத்தில் வீட்டு நிலம் என்றும் சிங்களத்தில் போட்டுவிட்டேன். இரண்டு பக்கத்துப் பிரக்கிராசிமாரும், வக்கீல்மார்தான், அந்த இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டு ஒரு முற்பகல் முழுவதும் சண்டை பிடித்தார்கள். ஐயா என்னை ஏசவில்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டே, "உன்ட வளவுக்குள்ள எத்தின வளவு தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பிழையைச் செய்யவில்லை.

அவரிடம் பார்த்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் கரையோரக் கிராமத்திலிருந்து ஒரு மீனவப் பெண் சாட்சிக் கூண்டில் ஏறினாள். "எண்ட புருசன இயக்கம் வந்து கூட்டிற்றுப் போன" என்றாள். கிழக்கில் இயக்கம் என்றால் துவக்கு, அதாவது துப்பாக்கி, ஏந்திய ஆட்கள். அந்தச் சொல்லை அந்த நாட்களில் யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். பின்னாலிருந்து ஒரு பிரக்கிராசி, "சில ஆக்கள் என்டு போடுங்க ஐயா" என்று முணுமுணுத்தார். ஐயா அவள் சொன்ன சொல்லையே எடுத்து, மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னார். தேத்தண்ணிக்குப் போகும்போது, பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தான். நான் பயந்து சொல்ல மாத்தினா அந்தப் பொம்பிளைக்கு ஆர் இரிக்கா?" என்றார். 

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர், என் மச்சான், வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயலுக்குப் போனார், திரும்பவில்லை. இயக்கம் கொண்டு போய்விட்டது என்று ஊரே சொன்னது. ராத்தா மட்டும் யானை அடித்திருக்கும் என்று ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். யானை அடித்தால் உடலாவது கிடைத்திருக்கும் என்று அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஐயா ஓய்வு பெற்றார், மௌத்தாகிக் கண்ணையும் மூடினார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் என்ற முத்திரை கையில் இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்தேன். பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பத்திரம், வளைகுடாவுக்குப் போகிறவர்களின் ஒப்பந்தம் என்று ஓடிக்கொண்டிருந்தது. தேவாலயங்களில் வெடித்த ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு அரபு எழுத்து இருக்கிற எந்தக் கடதாசியைக் கண்டாலும் பொலிஸ் சந்தேகப்பட்டது. ஊரில் பலர் கிதாபுகளை, மார்க்கப் புத்தகங்களை, கிணற்றில் போட்டார்கள். நான் என் அரபு அகராதியை நெல் மூட்டைக்குள் வைத்தேன். வருடங்கள் போயும் அதை வெளியே எடுக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பலஸ்தீனத் தலைவர் கொல்லப்பட்ட செய்தி வந்தது. ஆயுதம் தாங்கிய ஓர் அமைப்பின் அரசியல் தலைவர். பெயரை நான் இங்கே எழுதவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிகளில் உடல் முன்னால் இல்லாமல் தொழுகிற காயிப் ஜனாஸா தொழுதார்கள். பெண்களுக்குத் தனியாக ஓர் இரங்கல் கூட்டம் வைத்து, ஜெஸீமா டீச்சரைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஜெஸீமா நாற்பது வயதுக்காரி, பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு அரபு படிப்பிப்பவள். அவளுடைய கணவர் கட்டாரில் இருந்தார். அவள் தன் கொப்பியொன்றில் அந்தத் தலைவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதி, கூட்டத்தில் வாசித்தாள். மூன்றாம் நாள் பொலிஸ் வீட்டுக்கு வந்து கொப்பியையும் அவளையும் கொண்டுபோனது.

மறுநாள் காலை ஒரு ஜீப் என் வீட்டு வாசலில் நின்றது. விசாரணைக்காரர்கள் கொழும்பிலிருந்து வந்திருக்கிறார்கள், உடனே சிங்களத்தில் வேண்டும் என்றார்கள். பொலிஸ் நிலைய அறையில் ஒரு சார்ஜன் நான்கு ஃபோட்டோப் பிரதிகளை என் முன் வைத்தார். ஒரு பக்கம் மட்டும் பிரதி எடுத்த தாள்கள். இலக்கம் இல்லை. கொப்பி அவருடைய மேசையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. அதைக் கொஞ்சம் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால், உனக்கு ஏன் அதில் இவ்வளவு அக்கறை என்று கேட்பார்களோ என்று நினைத்தேன். என் மனம் முழுக்க நெல் மூட்டைக்குள் இருந்த அகராதியில் இருந்தது.

முதல் மூன்று தாளிலும் அந்த மனிதரின் வாழ்க்கை. கடலோரத்து அகதி முகாமில் பிறந்தார். வாப்பா மீன்பிடிகாரர். கடலுக்குள் இவ்வளவு தூரம்தான் போகலாம் என்று வேறு யாரோ வகுத்த எல்லைக்குள் வலை வீசியவர். சுனாமிக்குப் பிறகு நாங்களும் தகரக் கூரைக்குள் இருந்திருக்கிறோம். முகாமில் தகரம் சுடும் வெயிலைப் பற்றி அவள் இரண்டு வரி எழுதியிருந்தாள், அதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிறகு அவர் கணக்கு வாத்தியாரானார். இருபது வயதுகளில் ஹரகத்தில் சேர்ந்தார். சிறைக்குப் போனார். சிறையின் மூன்றாம் ஆண்டில் கூட இருந்தவர்களுக்குப் பாடம் நடத்தினார். வெளியே வந்து மேடைகளில் பேசினார், தேர்தலில் வென்றார், சொந்த ஊரின் வாசலைத் திறக்க அதிகாரமில்லாத ஒரு பதவியில் இருந்தார். பிறகு நாடுநாடாக இருப்பு. மகன் ஒருவன் அவருக்கு முந்தியே இறந்து போனான். கடைசியில் ஒரு பிரயாணத்தில், அவர் போன வாகனத்தின் மேல் குண்டு விழுந்தது. 'ஷஹீதானார்', உயிர்த்தியாகியானார், என்று முடித்திருந்தாள். அந்தச் சொல்லை அப்படியே வைத்தேன்.

சிக்கல், இயக்கம் என்று பொருள்படும் 'ஹரகத்' என்ற அரபுச் சொல்லில் வந்தது. தமிழில் எழுதும் ஒருத்தி, இயக்கம் என்று எழுதாமல் இதை ஏன் போட்டாள் என்று ஒரு கணம் யோசித்தேன். சிங்களத்தில் இயக்கத்துக்குரிய சொல்லான 'வ்யாபாரய' என்று எழுதினேன். சார்ஜன் எட்டிப் பார்த்து, அது பிஸ்னஸ் அல்லவா மாத்தயா என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை, அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தமும் உண்டு. வாதாடப் பயந்து, வெட்டிவிட்டு 'சங்விதானய' என்று போட்டேன். அதாவது அமைப்பு. அந்த நாட்களில் அந்தச் சிங்களச் சொல்லுக்கு முன்னால் பயங்கரவாதம் என்று யாரும் தனியாக எழுதத் தேவையில்லை.

நான்காம் தாளில் இருந்தது ஐந்து வரிதான்.

'நாலாம் ஆண்டு. ஹரகத் பயிற்சி. மூன்று பேர் தயார். மற்றவர்களுக்கு இன்னும் பயம். அடுத்த கிழமை நானே எடுத்து நடத்த வேண்டும்.'

மூன்றாம் ஆண்டில் சிறையில் பாடம் நடத்தினார் என்று வாசித்த கையோடு நாலாம் ஆண்டைப் பார்த்தேன். அந்தத் தலைவரின் சொந்தக் குறிப்பை எங்கிருந்தோ எடுத்து எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சொல்லுக்கு ஒரே சொல். ஆகவே, அமைப்புப் பயிற்சி. மூன்று பேர் தயார். 'எனது அறிவுக்கு எட்டியவரை சரியான மொழிபெயர்ப்பு' என்று எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மூச்சு சரியாக வந்தது.

ஜெஸீமாவைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள்.

ஐந்து கிழமை, ஒரு மாதத்துக்கும் மேல், கழித்து அவளுடைய தங்கை பர்ஸானா வந்தாள். லோயர் எடுத்துக் கொடுத்த கொப்பியின் முழுப் பிரதியும் அவள் கையில் இருந்தது. வாசலில் நின்றே கேட்டாள்.

"மாமா, இது உங்கட முத்திரையா?"

"ஓம் மகள்."

"இந்த அஞ்சு வரியாலதான் ராத்தாவ விடுறாங்க இல்ல. மூனு பேர் ஆரு, எங்க பயிற்சி குடுத்த, துவக்கு எங்க இரிக்கி என்டு கேட்டுக் கேட்டு அவ பைத்தியம் மாதிரி ஆகிற்றா. இந்த அஞ்சு வரிய மட்டும் இல்லாமப் போட ஏலாதா மாமா?"

"எழுதினத இல்லையென்டு போட ஏலாது மகள்" என்று, ஐயாவின் சீடனைப் போல, பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். சொல்லிக்கொண்டே பிரதியை வாங்கினேன். இந்தத் தரம் முழுவதும் இருந்தது. அந்த ஐந்து வரிக்கு அடுத்த பக்கத்தில் இப்படி இருந்தது: 'பத்ஹாவும் கஸ்ராவும் மாறி வருகிறது. ளம்மா பரவாயில்லை. கரும்பலகையில் ஒவ்வொருவராக.'

கொப்பியின் முன்பக்கம் அவளுடைய பாடக் குறிப்பு. பின்பக்கமிருந்து திருப்பி எழுதியது தலைவரின் வாழ்க்கை. இரண்டும் நடுவில் சந்தித்திருந்தன. நாலாம் ஆண்டு என்பது நாலாம் வகுப்பு. ஹரகத் என்பது அரபு எழுத்துக்கு மேலும் கீழும் போடுகிற உயிர்க்குறி. பத்ஹா, கஸ்ரா, ளம்மா அதன் மூன்று வகை. அந்தக் குறிகளை வைத்துத்தான் ஓதப் பழக்குவார்கள். பாடசாலைக்குப் போகுமுன்னரே ஓதப் பள்ளியில் லெப்பையின் பிரம்புக்குக் கீழே நான் படித்த முதல் சொற்களில் ஒன்று அது. ஊரில் ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கு அது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த வரிகளை நான் திரும்பத் திரும்பச் சத்தமாக வாசித்தேன். பர்ஸானா பயந்து ஹபீபாவைக் கூப்பிட்டாள். ஹபீபா அந்த வரிகளை வாசித்தாள், என்னைப் பார்த்தாள், "அல்லாஹ்வே, சின்னப் புள்ளையள்ட ஓதலயா நீங்க துவக்காக்கின?" என்றாள். வாழ்க்கையில் அவள் என்னை ஏசிய எல்லா ஏச்சையும் சேர்த்தாலும் அதற்கு ஈடில்லை.

மிச்சப் பக்கங்களையும் வாசித்தேன். தலைவரின் வாழ்க்கையில், பிரதி எடுக்காமல் விடப்பட்ட ஒரு பக்கத்தின் அடியில், ஒரு வரி எழுதி அடிக்கப்பட்டிருந்தது. 'அவருடைய ஆட்கள் கொன்றவர்களில் ஆயுதம் தொடாதவர்களும் இருந்தார்கள். இதைக் கூட்டத்தில் சொல்லலாமா?' மச்சானை நினைத்தேன். இந்தக் கேள்வியைக் கேட்டவளையா நான் அமைப்புக்காரி ஆக்கினேன் என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறு கிழமை முழுவதும் கொப்பி முழுவதையும் திரும்ப மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு தாளிலும் இலக்கம் போட்டேன். அடித்த வரியை அடித்த வரி என்று குறித்தே எழுதினேன். முதல் மொழிபெயர்ப்பு பிழை என்று ஒரு சத்தியக் கடதாசியும் முடித்தேன். லோயர் எச்சரித்தார். ஊர் நெருக்கியதால் மாற்றுகிறான் என்பார்கள், உங்களையும் உள்ளே இழுக்கலாம், முத்திரை போய்விடும் என்றார். தோஹாவிலிருந்து என் மகன் ஃபோன் எடுத்து, "வாப்பா, உங்களுக்கு இது என்னத்துக்கு?" என்றான். எனக்கும் அதே கேள்விதான். கொழும்பு பஸ் மகியங்கனை தாண்டும் வரைக்கும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

கொழும்பு நீதிமன்றத்தில் நீதவான் ஒரு பெண். இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டிலும் உங்கள் முத்திரை, இரண்டுக்கும் சத்தியம், நான் எதை நம்புவது என்று சிங்களத்தில் கேட்டார். முப்பது வருடம் மற்றவர்களுடைய வாயை நான் பார்த்தேன், இப்போது மண்டபம் என்னுடைய வாயைப் பார்த்தது. விளக்கம் சொல்வது முதலியாரின் வேலை இல்லை. ஆனால் அன்று நான் முதலியார் இல்லை, சாட்சி. ஒரு தாள் கேட்டு வாங்கினேன். அரபு 'ப' எழுத்தை மூன்று தரம் எழுதி, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, மேலே ஒரு சுழி போட்டு, "ப, பி, பு" என்று வாசித்தேன்.

நீதவான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பில்லம்?" என்றார்.

சிங்களத்தில் உயிர்க்குறிக்குப் பெயர் அதுதான். இஸ்பில்ல, பாபில்ல என்று எல்லாச் சிங்களப் பிள்ளைகளும் முதலாம் வகுப்பில் படிக்கிற சொல். சரியான மொழிபெயர்ப்பு அவருடைய வாயிலிருந்துதான் வந்தது. மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். கூண்டில் ஜெஸீமா சிரிக்கவில்லை. அவளுக்கு முகம் ஒடுங்கிப் போயிருந்தது. நான் பார்த்தபோது அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

ஏன் முதலில் இப்படி எழுதினீர்கள் என்று அரச தரப்புச் சட்டத்தரணிகள் கேட்டார்கள். நான்கு தாள்தான் தந்தார்கள், கொப்பியைக் கேட்காதது என் பிழை என்றேன். அது உண்மை. முழு உண்மையில்லை. அடுத்த வழக்குத் தவணையில் அவளை விட்டார்கள். கணக்குப் பார்த்தால் ஒன்பது கிழமை. முத்திரையை நானே திருப்பிக் கொடுத்தேன், யாரும் பறிக்கவில்லை.

அவள் ஊருக்கு வந்து பத்து நாள் கழித்து, ஹபீபாவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுவதும் சொற்களை அடுக்கினேன். ஜெஸீமா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பாடசாலைக்கு இன்னும் போகவில்லை என்றாள். எதிரே இருந்து, என் வாயையே பார்த்தாள்.

"சேர், ஒன்டு கேக்கன். அந்த நாலு தாளையும் தரக்குள்ள, அது ஆருட கொப்பி என்டு உங்களுக்குச் சொன்னாங்களா?"

கோட்டில் யாரும் இதைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. ஹபீபா என் பக்கம் திரும்பினாள், அவளுக்கும் தெரியாது.

"ஓம். அரபு டீச்சர்ட கொப்பி என்டு சொல்லித்தான் தந்தாங்க."

"டீச்சர் என்டு தெரியும். நாலாம் ஆண்டு, ஹரகத் என்டும் இரிக்கி. அப்பவும் உங்களுக்கு விளங்கல்லயா?"

"பயத்தில அத நெனக்கவே இல்ல மகள். முடிச்சிற்று ஊட்ட போனாப் போதும் என்டு இருந்தன். என்ன மாப்பு செய்யுங்க."

அவள் ஏசுவாள் என்று இருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது. அவள் ஏசாமல் தன் பக்கத்தைச் சொன்னாள்.

"அந்தத் தலைவர்ட கதையில நான் முதல்ல இயக்கம் என்டுதான் எழுதின மாமா. மறுகா வெட்டிற்றன். இந்த ஊரில அந்தச் சொல்ல எழுதிவச்சா என்ன வருமோ என்டு பயம். அதாலதான் ஹரகத் என்டு போட்ட. இயக்கம் என்டே உட்டிருந்தா அதும் பிள்ளையள்ட ஹரகத்தும் கலந்திரிக்காது, என்ன மாமா?"